சங்கப் பணமும் செயற்கை நுண்ணறிவுக் களவும்

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, 1904-ஆம் ஆண்டில் கும்பகோணம் வங்கி என்னும் பெயருடன் தோன்றியது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கென நம் நாட்டில் முதற் சட்டம் இயற்றப்பெற்றதும், திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டிலேயாகும். நூறாண்டுகளுக்கு மேல் வயதுடைய அந்த வங்கியில் 2018 பிப்ரவரி 6-ஆம் நாள் ஓர் அச்சு இயந்திரம் வேலை செய்யாது நின்றுபோயிற்று. வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் செலுத்துமாறு கட்டளை அனுப்பும் ஸ்விப்ட் என்னும் செய்தித் தொடர்பு முறையுடன் இணைக்கப்பட்டிருந்த இயந்திரம் அது. அனுப்பிய கட்டளைகளுக்குரிய ஒப்புகையை அச்சிட்டுத் தருவது அதன் பணி. அலுவலகத்தில் அச்சு இயந்திரம் பழுதாவது புதுமையன்று. ஆனால், மறுநாள் கணக்குகளை ஒப்புநோக்கியபோது, வங்கி அனுப்பாத மூன்று கட்டளைகள் வங்கியின் பெயராலேயே வெளியே சென்றிருப்பது தெரிய வந்தது. துபாய், துருக்கி, சீனம் ஆகிய இடங்களிலுள்ள கணக்குகளுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் செலுத்துமாறு அவை கூறின. துபாய்க்கு அனுப்பப்பட்ட 5 லட்சம் டாலர் உடனே தடுத்து நிறுத்தப்பட்டது. கள்வர்கள் வங்கியின் கணினிகளுக்குள் புகுந்து, ஒப்புகை வெளிவராதபடி அச்சு இயந்திரத்தை முன்னதாகவே முடக்கி வைத்திருந்தனர்.

அருப்புக்கோட்டை நெசவாளர் சங்கத்திற்கும், திருச்சுழி வட்டாரத்து விவசாயிகள் சங்கத்திற்கும் டாலர்க் கணக்கு ஏது, ஸ்விப்ட் ஏது என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அன்று இத்தகைய களவைச் செய்வதற்குத் தேர்ந்த கூட்டம் ஒன்று பல வாரங்கள் உழைக்க வேண்டியிருந்தது. அத்தனை உழைப்புக்கு ஈடாகக் கோடிக்கணக்கில் கிடைத்தாலன்றி அவர்களுக்குக் கட்டுபடியாகாது. ஆகவே சிறு சங்கங்களைக் கள்வர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நம்முடைய வறுமையே நமக்கு ஒரு காவலாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய கருவி வந்தபின் அந்தக் காவல் நீங்கிவிட்டது. ஆள் செய்த வேலையை இயந்திரம் சில நிமிடங்களில், ஏறக்குறையச் செலவின்றிச் செய்கிறது. எனவே இரண்டு லட்சம் ரூபாய் இருப்புள்ள சங்கமும் இன்று களவுக்கு ஏற்ற இடமாகிவிட்டது. அந்த இரண்டு லட்சம் என்பது எத்தனை தறிகளுக்குரிய கூலி என்பதை நெசவாளர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

முன்னாள் கள்வரிடம் இருந்த பெருங்குறை மொழியறிவு இன்மையாகும். 2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் மத்திய வங்கிக்கு நியூயார்க்கிலுள்ள கணக்கிலிருந்து 95 கோடி டாலரைக் கவர முயன்றார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயரால் அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் வழியிலேயே நின்றது. அதற்குக் காரணம், ‘பவுண்டேஷன்’ என்று எழுத வேண்டிய சொல்லைக் கள்வர்கள் ‘பண்டேஷன்’ என்று எழுதியதேயாம். இடையிலிருந்த வங்கி ஐயுற்று விளக்கம் கேட்டது, களவு வெளிப்பட்டது. நமக்கு வரும் போலிச் செய்திகளையும் இதுகாறும் நாம் இவ்வகையிலேயே அடையாளம் கண்டோம். ‘உங்கள் கணக்கு இன்று இரவு தடை ஆகிறது, உடன் அழைக்க செய்யவும்’ என்று கொச்சைத் தமிழில் செய்தி வந்தால், படித்த பிள்ளை ஒன்று சிரித்துவிட்டு அழித்துவிடும்.

இன்று அப்படிப்பட்ட பிழையை எதிர்பார்த்திருத்தல் தவறு. செயற்கை நுண்ணறிவு என்பது, மனிதர் எழுதியவற்றையும் பேசியவற்றையும் அளவிறந்து உட்கொண்டு, அவற்றின் போக்கைக் கற்று, அதே போக்கில் புதிதாக எழுதவும் பேசவும் பயிற்றப்பட்ட கணினி முறையாகும். கூட்டுறவுத் துணைப் பதிவாளர் அலுவலகத்துக் கடிதம் ஒன்றை அதனிடம் காட்டினால், அதே நடையில், ‘பார்வை’, ‘பொருள்’ முதலியவற்றோடு இன்னொரு கடிதத்தைப் பிழையின்றி எழுதித் தரும். அதை எழுதுவித்தவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எழுத்தோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவர் பேசிய மூன்று விநாடி ஒலிப்பதிவே போதும், அவர் குரலில் எதையும் பேசுவிக்கலாம் என்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் காட்டினர். நம் சங்கத் தலைவர்கள் பேசாத விழா உண்டா? மகாசபையிலும், கொடியேற்றத்திலும், கைத்தறிக் கண்காட்சியிலும் அவர்கள் ஆற்றும் உரைகளை இளைஞர்கள் கைப்பேசியில் பதிந்து ஊரெங்கும் பரப்புகிறார்கள். கள்வருக்கு வேண்டிய மூன்று விநாடி அங்கே மலிந்து கிடக்கிறது.

இதன் விளைவுகள் ஏட்டில் எழுதிய ஊகங்களாக நின்றுவிடவில்லை. 2019-இல் பிரிட்டனிலுள்ள ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைமை அதிகாரி, ஜெர்மனியிலிருந்த தம் மேலதிகாரியின் குரலைத் தொலைபேசியில் கேட்டு 2,20,000 யூரோ அனுப்பினார். குரல் போலி என்பது பிறகே தெரிந்தது. 2023 ஜூலையில் நமக்கு அண்டையிலுள்ள கோழிக்கோட்டில், பணி ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பழைய உடன்பணியாளரின் முகமும் குரலும் காட்சி அழைப்பில் தோன்றின, உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்கென்று 40,000 ரூபாய் கேட்டன, அவரும் அனுப்பினார். மீண்டும் 35,000 ரூபாய் கேட்கப்பட்டபோதுதான் ஐயம் பிறந்தது. அந்த நண்பரை வேறு எண்ணில் அழைத்தார். நண்பருக்கு ஒன்றும் தெரியாது. 1930 என்னும் எண்ணில் முறையிட்டதால், போலீசார் பணம் சென்று சேர்ந்த கணக்கைக் கண்டறிந்து முடக்கினர்.

இவற்றையெல்லாம் விஞ்சியது ஹாங்காங்கில் நிகழ்ந்தது. ஆரப் என்னும் புகழ்பெற்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டனிலிருக்கும் நிதி அதிகாரியிடமிருந்து வந்ததாக ஒரு செய்தி கிட்டியது. இரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று அது கூறவே, ஊழியருக்கு ஐயம் எழுந்தது. அவர் விழிப்பானவர்தாம் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்க் காட்சிக் கூட்டம் ஒன்றுக்கு அழைக்கப்பட்டார். அதிலே நிதி அதிகாரியும் பிற அலுவலர்களும் அமர்ந்திருந்தனர். முகங்கள் அறிமுகமானவை, குரல்களும் அறிமுகமானவை. ஐயம் நீங்கிப் பதினைந்து தடவைகளில் ஐந்து கணக்குகளுக்கு 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அக்கூட்டத்தில் உண்மையான மனிதர் அவர் ஒருவரே. ஏனையோர் இயந்திரம் ஆக்கிய உருவங்கள்! தலைமை அலுவலகத்தை நேரே உசாவியபோதுதான் உண்மை வெளிவந்தது.

‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நம்மவர் சொல்வதுண்டு. ஆரப் ஊழியர் கண்ணையும் காதையும் நம்பினார். விசாரணையைப் பணம் போன பிறகு செய்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஐயம் வந்தால் எவ்வழியாக விசாரிக்க வேண்டும் என்பதை நிறுவனம் முன்கூட்டி வகுத்திருந்து, வகுத்ததை மீறாதிருந்தால் மட்டுமே இத்தகைய வலையிலிருந்து தப்பலாம்.

அவ்வாறு தப்பியதற்கும் உதாரணம் உண்டு. 2024 ஜூலையில் இத்தாலி நாட்டுப் பெராரி மோட்டார் நிறுவனத்தின் அதிகாரி ஒருவரை, நிறுவனத் தலைவரின் குரலில் ஒருவன் அழைத்தான். பேச்சின் வழக்கும் ஒத்திருந்தது. அதிகாரி அமைதியாக, ‘சில நாள்களுக்கு முன் எனக்கு ஒரு நூலைப் பரிந்துரைத்தீர்களே, அதன் பெயர் என்ன?’ என்று கேட்டார். அழைப்பு அக்கணமே துண்டிக்கப்பட்டது. இயந்திரம் குரலைக் கற்றிருந்தது. இருவருக்கிடையே நடந்த பேச்சை அது அறியாது.

குரலும் முகமும் ஒரு பக்கம் இருக்க, பூட்டிய கணினிக்குள் புகுவதிலும் இயந்திரம் துணை செய்யத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஆந்திரோபிக் நிறுவனம், தான் உருவாக்கிய கிளாட் என்னும் செயற்கை நுண்ணறிவைத் தீயோர் களவுக்குப் பயன்படுத்தியதை 2025 நவம்பரில் தானே வெளியிட்டது. அவர்கள் சீன அரசின் ஆதரவு பெற்றவர்கள் என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு. ஏறத்தாழ 30 நிறுவனங்கள் குறிவைக்கப்பட்டன. சிலவற்றிலேயே புக முடிந்தது. வேலையில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கை இயந்திரமே செய்ததாம். நாங்கள் பாதுகாப்புச் சோதனை செய்யும் நல்லவர்கள் என்று கூறி இயந்திரத்தையே ஏமாற்றியிருக்கிறார்கள். அவ்வியந்திரம் சில இடங்களில் கிடைக்காத கடவுச்சொல்லைக் கிடைத்ததாகப் பொய்யும் சொல்லியிருக்கிறது! இந்தப் பொய் நமக்கு ஆறுதல் தரலாம். ஆனால் இத்தகைய குறைகள் நாளடைவில் குறையுமேயன்றிக் கூடா.

கூட்டுறவுத் துறைக்கு நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். முதலாவது, 1906-இல் தோன்றிய புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் நடந்தது. பணம் தரும் இயந்திரத்தில் ஒருவர் அட்டையைச் செருகினால், ‘இவருக்கு இருப்பு உண்டா, கொடுக்கலாமா’ என்று அவ்வியந்திரம் வங்கியின் கணினியைக் கேட்கும். கள்வர்கள் இவ்விரண்டுக்கும் இடையே போலிக் கணினி அமைப்பு ஒன்றை நுழைத்து, எல்லாக் கேள்விக்கும் ‘கொடுக்கலாம்’ என்றே விடை சொல்ல வைத்தனர். 2018 ஆகஸ்ட் 11-ஆம் நாள் சில மணி நேரத்தில், 28 நாடுகளில் போலி அட்டைகளால் ஏறத்தாழ 78 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது. இந்தியாவுக்குள்ளே இரண்டரைக் கோடி போயிற்று. 13-ஆம் நாள் ஹாங்காங்குக்குப் பதினான்கு கோடிக்குச் சற்றுக் குறைவாக அனுப்பப்பட்டது. ஆக மொத்தம் 94 கோடி. ஆகஸ்ட் 11 இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை நாள். அந்த நாளையே கள்வர் தேர்ந்தது தற்செயலாக இராது.

இரண்டாவது நிகழ்ச்சி 2024 ஜூலை 31-இல் வெளிப்பட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் என்னும் நிறுவனத்தின் அமைப்பில், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் கொடிய நிரல் புகுந்தது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்நிறுவனத்தின் தொடர்பைத் துண்டித்து வைத்தது. அதனால் நாடெங்கும் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் எடுக்கவும் அனுப்பவும் இயலாது தவித்தனர். மறுநாள் தொடர்பு மீண்டது. அந்த 300 வங்கிகளும் தாம் ஒரு தவறும் செய்யவில்லை. தம் வீட்டுப் பூட்டின் சாவியை ஒருவரிடமே எல்லாரும் கொடுத்து வைத்திருந்தனர், அவ்வளவுதான்.

நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இப்போது அதே பாதையில் செல்கின்றன. 63,000 சங்கங்களை ஒரே மென்பொருளில் இணைக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-இல் ஒப்புதல் தந்தது. திட்டம் நன்று, பேரேட்டைத் திருத்தி எழுதும் பழைய முறைகேடுகளுக்கு அது முடிவு கட்டும். ஆயினும் வங்கிகளுக்குரிய ஒழுங்குமுறைச் சட்டம் இச்சங்கங்களுக்குப் பொருந்தாது. ரிசர்வ் வங்கி நேரே வந்து இவற்றின் கணினிகளைச் சோதிக்கப் போவதில்லை. நெசவாளர் சங்கங்களின் நிலையும் அவ்வாறே. ஆகவே காவலை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இனி, நம் பக்கத்தில் இக்களவு எந்த வேடத்தில் வரக்கூடும் என்பதைச் சிந்திப்போம். அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் சங்கம் ஆலையிலிருந்து நூல் தருவிக்கிறது என்று கொள்வோம். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். தறிகள் பாவுக்குக் காத்திருக்கின்றன. ஆலையின் முத்திரையுடன் கடிதம் வருகிறது: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாற்றப்பட்டுள்ளது; இனித் தொகையைக் கீழ்க்கண்ட எண்ணில் செலுத்துக.’ சிறிது நேரத்தில் காரியதரிசிக்குத் தலைவரின் குரலிலேயே அழைப்பு: “தம்பி, நூலுக்குப் பணம் இன்றைக்கே போயாக வேண்டும். ஆலைக்காரர் என்னோடு பேசிவிட்டார். நான் வெளியூரில் இருக்கிறேன். கையெழுத்தை வந்து போடுகிறேன்.” காரியதரிசி என்ன செய்வார்? மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவாகும். தாமதித்தால் தறி நிற்கும். பணம் போய்விடும்.

திருச்சுழிக் கரிசலில் வேடம் வேறாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் அந்த மானாவாரி மண்ணில் பருத்தி, உளுந்து, குதிரைவாலி, மல்லி, மிளகாய் எதுவானாலும் ஆண்டுக்கு ஒரு வெள்ளாமைதான். பயிர்க்கடனும், காப்பீட்டுக் கட்டணமும், இழப்பீட்டுத் தொகையும் சில வாரங்களுக்குள் கைமாறுகின்றன. காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது, ‘பதிவு விடுபட்டுவிட்டது, இந்தச் செயலியை இறக்கிக்கொள்க’ என்று செய்தி வந்தால் யார்தாம் பதறமாட்டார்? பி.எம்.கிசான் உதவித்தொகையின் பெயரால் ஏ.பி.கே. கோப்புகள் வாட்ஸ்அப் வழியே பரவியதையும், அவற்றைத் தொட்டவர்களின் கைப்பேசி கள்வர் வசமானதையும் நாம் அறிவோம். சங்கத்தின் கணக்குகளை இயக்கும் கைப்பேசியில் அப்படியொரு கோப்புத் திறக்கப்படுமானால் அது ஒரு குடும்பத்தின் இழப்போடு நிற்காது. அவசரம் மிகுந்த நாளையே கள்வன் தேர்வான் என்பதைப் புனே நிகழ்ச்சி காட்டிற்று. நம் அவசர நாள்களோ பஞ்சாங்கத்தில் எழுதியவைபோல ஊரறிந்தவை.

தற்காப்பு யாது? விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பாரும், போலிக் குரலைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை விற்க வருவாரும் உண்டு. அத்தகைய மென்பொருள் இன்று கண்டுபிடிக்கும் போலியை நாளை தவறவிடும். சிறு சங்கம் அதற்குப் பணம் செலவிடுவதை நாம் ஆதரிக்கவில்லை. நம் முன்னோர் சங்கம் தொடங்கிய நாளிலேயே ஏற்படுத்திய முறை ஒன்று இருக்கிறது. இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று காரியதரிசியிடம், மற்றொன்று வேறொருவரிடம். இருவரும் ஒருங்கே வந்தாலன்றிப் பெட்டி திறவாது. காரியதரிசி எத்துணை நல்லவராயினும் விதி இதுவே. அவருடைய நாணயத்தைச் சந்தேகித்து எழுந்த விதியன்று அது. அவர் மிரட்டப்பட்டாலும் மயக்கப்பட்டாலும் பணம் நிற்க வேண்டும் என்பதற்காக எழுந்தது. போலிக் குரலுக்கு எதிராகவும் இவ்விதி அப்படியே செல்லுபடியாகும். குரல் மெய்யா பொய்யா என்று ஆராய்கிற சுமையை அது காரியதரிசியின் தலையிலிருந்து இறக்கிவிடுகிறது.

கணினியிலும் இவ்வாறே ஒருவர் கட்டளையைப் பதியவும், மற்றொருவர் சரிபார்த்து ஒப்பவும் வங்கிகள் வசதி செய்து தருகின்றன. ஆனால் நடைமுறையில் காண்பது என்ன? இருவருடைய கடவுச்சொல்லும் ஒரே தாளில் எழுதப்பட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. தலைவர் வயலுக்கோ கடைக்கோ போக வேண்டியவர். ஆகவே பத்துக் காசோலைகளில் முன்னதாகவே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். ஒப்புதலுக்குரிய குறுஞ்செய்தி எண்ணும் காரியதரிசியின் கைப்பேசிக்கே வருமாறு பதியப்பட்டிருக்கிறது. இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து ஒருவர் இடுப்பில் செருகியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கவலைப்படுமுன், இந்த வளையத்தைப் பிரிப்பதே நிர்வாகக் குழுக்களின் முதற் கடமையாகும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது, திருப்பி அழைத்தல். பணம், கணக்கு எண் மாற்றம், கடவுச்சொல் ஆகிய மூன்றில் எதைப் பற்றியேனும் அழைப்போ கடிதமோ வந்தால், வந்த எண்ணுக்கோ கடிதத்தில் கண்ட எண்ணுக்கோ பேசுதல் கூடாது. சங்கத்தின் பழைய பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். கோழிக்கோட்டில் உண்மையை வெளிப்படுத்தியது வேறு எண்ணில் செய்த ஓர் அழைப்பே. நூல் ஆலை, கோ-ஆப்டெக்ஸ், மத்தியக் கூட்டுறவு வங்கி, விற்பனைச் சங்கம், கணினிச் சேவையாளர் ஆகியோரின் எண்களை ஒரு நோட்டில் மையினால் எழுதி வைத்தல் போதும். புதிய கணக்கு எண்ணுக்கு முதன்முறை பணம் அனுப்புவதானால் ஒரு நாள் கழித்தே அனுப்புவது என்று விதி செய்துகொள்ளலாம். ஒரு நாள் தாமதத்தால் கெட்டுப்போகும் கொள்முதல் அரிது. கெட்டால் அந்நட்டத்தைச் சங்கம் தாங்கிக்கொள்ளலாம்.

இவ்விதிக்குப் பெரும் பகை தொழில்நுட்பம் அன்று, நம்முடைய பணிவே. ‘தலைவர் ஐயா சொன்ன பிறகு திரும்ப அழைத்து, நீங்கள்தானா என்று கேட்பதா?’ என்று எழுத்தர் தயங்குவார். சில தலைவர்கள் சினப்பதும் உண்டு. ஆதலால் தலைவரே மகாசபையில் எழுந்து, ‘என் குரலில் பணம் கேட்டு அழைப்பு வந்தால் அதைத் துண்டித்துவிட்டு என்னைத் திருப்பி அழையுங்கள், அப்படிச் செய்யாதவரையே நான் கோபிப்பேன்’ என்று கூறுதல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, முன்னறிவிப்பின்றி, தலைவரே வேறொரு எண்ணிலிருந்து பணம் கேட்டு அழைத்துப் பார்க்கட்டும். எழுத்தர் மறுத்தால் அடுத்த கூட்டத்தில் பாராட்டி நடவடிக்கைக் குறிப்பில் எழுதலாம்.

நெசவாளர் பாவிலே ஓர் இழை அறுந்தால் அங்கேயே தறியை நிறுத்தி முடிச்சிடுகிறார். பத்து முழம் நெய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. வங்கிக் கணக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்பிடுவதற்கு மாதக் கடைசி வரை காத்திருக்கும் சங்கங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கும்பகோணத்துக் களவு மறுநாளே பிடிபட்டது. அதனால்தான் ஒரு பகுதியையேனும் தடுக்க முடிந்தது. நாள்தோறும் மாலையில் பத்து நிமிடம், பதிவு செய்தவர் அல்லாத ஒருவர் ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். விடுமுறைக்கு முந்திய மாலையில் இதைத் தவறவே கூடாது.

கணக்குகளின் படியைப் பற்றி ஒரு சொல். கோப்புகளைப் பூட்டும் கொடிய நிரல், கணினியோடு இணைந்திருக்கும் படிகளையும் சேர்த்தே பூட்டிவிடும். விதையைச் சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் அடைத்துத் தனியே வைப்பது நம் குடியானவர்களின் பழக்கம்; உண்ணும் தானியத்தோடு அதைக் கலப்பதில்லை. அவ்வாறே, பங்குப் பேரேடு, கடன் பேரேடு, நகைக்கடன் பதிவு, நூல் இருப்பு ஆகியவற்றின் படியை வாரம் ஒருமுறை எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டி வைக்க வேண்டும். அங்கத்தினர்களும் தம் கைப்புத்தகத்தில் வரவு பதிந்து வாங்குவதை விட்டுவிடலாகாது. கணினி அழிந்த நாளில், திருச்சுழியில் ஒரு மூதாட்டி அடகு வைத்த நான்கு பவுனுக்கு அவர் கையிலுள்ள சீட்டே சாட்சியாக நிற்கும்.

வங்கிகளின் இணைய முகவரி குறித்தும் ஓர் எளிய அடையாளம் கிடைத்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. வேறு முடிவுடைய முகவரியில் வங்கியின் பெயரும் சின்னமும் காணப்பட்டால் அங்கே கடவுச்சொல்லை இடாதிருப்பதே தக்கது.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால் என்ன செய்வது? உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் தளத்திலும் முறையிடலாம். மத்தியக் கூட்டுறவு வங்கியின் கிளைக்கும் அதே வேளையில் சொல்ல வேண்டும். களவுப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. மணிக்கணக்கில் பல கணக்குகளுக்குத் தாவி, கடைசியில் ரொக்கமாகிவிடும். முதல் சில மணி நேரத்தில் முறையிட்டால் இடையிலே முடக்கலாம். கணினிக்குள் ஊடுருவல் நடந்திருந்தால் ஆறு மணி நேரத்திற்குள் செர்ட்-இன் என்னும் மத்திய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆணை. ஆனால் ஏமாந்த ஊழியர் வேலை போய்விடுமே என்றும், ஊர் சிரிக்குமே என்றும் அஞ்சி இரண்டு நாள் மறைத்துவிடுகிறார். அந்த இரண்டு நாளும் கள்வனுக்குக் கொடுத்த நன்கொடை. உடனே தெரிவித்த ஊழியரைத் தண்டிப்பதில்லை, மறைத்தவரைத் தண்டிப்போம் என்று நிர்வாகக் குழு முன்கூட்டியே அறிவிப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

மற்றொன்று, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. களவுப் பணம் தாவிச் செல்லும் கணக்குகள் பெரும்பாலும் ஏழைகளின் பெயரிலேயே இருக்கின்றன. ‘உன் கைப்புத்தகத்தையும் சிம் அட்டையையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறோம்’ என்பவரிடம் வேலையற்ற இளைஞர்கள் கணக்கை வாடகைக்கு விடுகிறார்கள். இத்தகைய கணக்குகளைக் கண்டறியவே ரிசர்வ் வங்கியின் துணை அமைப்பு ஒன்று ‘மியூல் ஹண்டர்’ என்னும் செயற்கை நுண்ணறிவு முறையை உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அது கண்டுபிடிக்கும்போது சிக்குபவன் எங்கோ இருக்கும் கள்வன் அல்லன், பெயருக்குரிய பையனே.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைப்பதற்கு உதவியாக, தீர்மான வாசகம் ஒன்றைக் கீழே தருகிறோம். தத்தம் சங்கத்தின் நிலைமைக்கேற்பத் தொகையையும் பெயர்களையும் நிரப்பிக்கொள்ளலாம்.

‘நம் சங்கத்தின் கணக்கிலிருந்து ________ ரூபாய்க்கு மேற்பட்ட தொகை எதுவும் இருவருடைய ஒப்புதல் இன்றி அனுப்பப்படலாகாது என்றும், ஒப்புதல் எண் இருவர் கைப்பேசிக்கும் தனித்தனியே வருமாறு வங்கிக்கு எழுத வேண்டும் என்றும், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகள் இன்றே ரத்துச் செய்யப்படுகின்றன என்றும், கணக்கு எண் மாற்றம் குறித்து வரும் செய்தி எதுவாயினும் பதிவேட்டிலுள்ள பழைய எண்ணில் அழைத்து உறுதி செய்து, அழைத்த நேரத்தை எழுதி, ஒரு நாள் கழித்தே செயற்படுத்தப்படும் என்றும், தலைவர் உள்பட எவருடைய குரலும் உருவமும் எழுத்து மூலமான ஒப்புதலுக்கு ஈடாகாது என்றும், திருப்பி அழைத்துக் கேட்ட ஊழியர் மீதும், ஏமாற்றப்பட்டதை உடனே தெரிவித்த ஊழியர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது என்றும் இக்குழு தீர்மானிக்கிறது. முன்மொழிந்தவர் ________. வழிமொழிந்தவர் ________.’